லட்சத்தில் ஒரு பங்கு ஓரவஞ்சனை

பிரபஞ்சத்தின் வரலாற்றை ஒரே வரியில் எழுதச் சொன்னால், ‘இருக்கிற இடத்துக்கே மேலும் மேலும் சேர்ந்தது, இல்லாத இடம் இன்னும் காலியானது’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். 1,380 கோடி ஆண்டுகளில் நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் ஆட்சி மாற்றங்கள், கோஷ்டிச் சண்டைகள், கொஞ்சம் புறா எச்சம். அவசரக்காரர்கள் இத்துடன் எழுந்து போகலாம். வம்பு கேட்கும் ஆசை உள்ளவர்கள் மட்டும் உட்காருங்கள்.

விவகாரத்தைக் கிளப்பியவர் ஒரு பாதிரியார். 1692-இல் ரிச்சர்ட் பென்ட்லி என்பவர் லண்டனில் நாத்திகர்களை ஒரு வழி பண்ணுவதற்காகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நடுவில் ஒரு சந்தேகம் வந்து ஐசக் நியூட்டனுக்குக் கடிதம் போட்டார். உலகத்துப் பொருளையெல்லாம் வெளி முழுக்க ஒரே சீராகத் தூவிவிட்டால், உங்கள் ஈர்ப்பு விசை அதை என்ன செய்யும்? நியூட்டன் பதில் எழுதினார். வெளிக்கு எல்லை இருந்தால் எல்லாம் நடுவில் போய் விழுந்து ஒரே உருண்டையாகிவிடும். எல்லை இல்லையென்றால் இங்கே ஒரு திரள், அங்கே ஒரு திரள் என்று கூடும். சூரியனும் நட்சத்திரங்களும் அப்படிக் கூடியவையாக இருக்கலாம்.

கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. எல்லா இடமும் எள்ளளவு பிசகாமல் சமம் என்றால் ஈர்ப்பு விசை எந்தப் பக்கம் இழுக்கும்? எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பு. ஆகவே எந்தப் பக்கமும் நகர்வு இல்லை. எங்காவது ஓர் இடத்தில் ஒரு துளி அதிகமாக இருந்தால்தான் கதையே ஆரம்பமாகும். அந்த முதல் ஓரவஞ்சனையைச் செய்தது யார்? இந்த மாதிரி சங்கடமான இடங்களில் நியூட்டன் கடவுளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வார். பாதிரியாருக்கும் அதுதானே வேண்டும்! இருவரும் திருப்தியாக விஷயத்தை முடித்துக்கொண்டார்கள்.

கடவுளைக் கூப்பிடாமல் பதில் சொல்ல இன்னும் முந்நூறு ஆண்டுகள் ஆயின. நிரந்தர வேலை கிடைக்காமல் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக அலைந்துகொண்டிருந்த ஆலன் கூத் என்ற இளைஞர், 1979 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்காவில் பணவீக்கம் தலைவிரித்தாடிய நேரம். அவர் தன் பங்குக்குப் பிரபஞ்சத்தையே வீங்க வைத்தார். 1-க்குப் பின்னால் 32 சைபர் போட்டு, அதனால் ஒரு நொடியை வகுத்தால் எவ்வளவு வருமோ, கிட்டத்தட்ட அந்தத் துணுக்கு நேரத்துக்குள் வெளி குறைந்தது 1-க்குப் பின்னால் 26 சைபர் மடங்கு பெருத்துவிட்டது என்றார். இதற்குப் பெயர் பெருவீக்கம்.

இதில் மாட்டிக்கொண்டது வெற்றிடம். குவாண்டம் விதிப்படி வெற்றிடத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு துளி ஆற்றல் தலைநீட்டும். யாரும் பார்ப்பதற்குள் மறைந்துவிடும். இன்றும் நம்மைச் சுற்றி அது நடந்துகொண்டுதான் இருக்கிறது, கேட்க ஆளில்லை. ஆனால் அன்றைக்குத் தலைநீட்டியவற்றுக்கு உள்ளே போக நேரம் கொடுக்கப்படவில்லை. மறைவதற்குள் வெளி கிழக்கும் மேற்குமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. அணுவைவிடச் சிறிய மேடுபள்ளங்கள் வானளவு நீண்டு அப்படியே உறைந்து நின்றன. நம் குலத்தின் மூதாதை ராஜாவும் இல்லை, ரிஷியும் இல்லை. தப்பிக்க நேரமில்லாத ஒரு நடுக்கம்.

மாஸ்கோவில் முகானோவும் சிபிசோவும் 1981-இலேயே இந்த நடுக்கத்தைக் கணக்கிட்டுவிட்டார்கள். மேற்கில் யாரும் கவனிக்கவில்லை. 1982 கோடையில் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஹாக்கிங் கூட்டிய மூன்று வாரப் பட்டறையில் கூத், ஸ்டாரோபின்ஸ்கி, ஸ்டைன்ஹார்ட், டர்னர், பார்டீன் எல்லாரும் கூடி அதே கணக்கைப் போட்டார்கள். முதலில் ஆளுக்கொரு விடை. பிறகு சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரே விடைக்கு வந்தார்கள். பெரிய மேடு, சின்ன மேடு என்று பாராமல் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். வடிவம் அற்புதம். உயரம்தான் வேண்டியதைப் போலப் பல லட்சம் மடங்கு அதிகமாக இருந்தது! அந்தக் கணக்கின்படி பிரபஞ்சம் முழுக்கக் கருந்துளைகளாகி இருக்க வேண்டும். பௌதிகர்கள் இதற்கெல்லாம் கலங்குகிறவர்களா? வடிவத்தை வைத்துக்கொண்டார்கள், உயரம் சரியாக வரும்படி மாதிரியை மாற்றிக்கொண்டார்கள்.

பெருவீக்கத்தைக் கையும் களவுமாக இன்றுவரை யாரும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014 மார்ச்சில் தென் துருவத்தில் இருந்த பைசெப்-2 தொலைநோக்கிக் குழு, அதன் ஈர்ப்பு அலைத் தடயம் கிடைத்துவிட்டதென்று அறிவித்தது. ஸ்டான்ஃபோர்டில், பெருவீக்கக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான ஆந்த்ரே லிந்தேயின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்லி, ஷாம்பெயின் உடைத்ததை வீடியோவாகவும் எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். ஓராண்டு முடிவதற்குள் உண்மை தெரிந்தது. அவர்கள் பார்த்ததில் பெரும்பகுதி நம் பால்வீதியின் தூசி. வரலாற்றிலேயே விலை உயர்ந்த ஒட்டடை அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து வந்தது கதிர்வீச்சின் ஆட்சி. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. விஞ்ஞானிகளும் அதைக் ‘கதிர்வீச்சு ஆதிக்கக் காலம்’ என்றுதான் அழைக்கிறார்கள். சுமார் 50,000 ஆண்டுகள் நீடித்தது. அன்றைக்கு ஒளிதான் எஜமான். பொருளைவிட ஒளியின் ஆற்றல் அதிகம். எங்காவது நாலு புரோட்டானும் நாலு எலெக்ட்ரானும் ஒன்றுகூடப் பார்த்தால், ஒளித்துகள்கள் மோதிக் கலைத்துவிடும். 144 தடை உத்தரவு அமலில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கும், ஒளி வெளியே தள்ளும், மறுபடி இழுக்கும், மறுபடி தள்ளும். இந்தத் தள்ளுமுள்ளில் பிரபஞ்சம் முழுக்க ஒலி அலைகள் கிளம்பின. ஒளி வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட வேகம். கேட்கத்தான் ஒரு காது இல்லை.

இந்த அமளியில் சம்பந்தமே இல்லாமல் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் கரும்பொருள். ஒளியைப் பார்ப்பதில்லை, ஒளியின் கண்ணிலும் அவர் படுவதில்லை. சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்கு மேல் எடை. ஈர்ப்பு விசையின் பேச்சுக்கு மட்டும் கட்டுப்படுகிறவர். கதிர்வீச்சு ஆட்சியில் வெளி விரிந்த வேகத்தில் அவராலும் அதிகம் சேர்க்க முடியவில்லை. ஆட்சி மாறிப் பொருளின் கை ஓங்கியதும் சுறுசுறுப்பானார். சராசரியைவிட லட்சத்தில் ஒரு பங்கு மேடாக இருந்த இடங்களிலெல்லாம் சத்தம் போடாமல் குவிந்து, ஆழமான ஈர்ப்புப் பள்ளங்களைத் தோண்டி வைத்துவிட்டார். சாதாரணப் பொருள் அப்போதும் ஒளியின் பிடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.

3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டு ஆனபோது வெப்பம் சுமார் 3,000 டிகிரிக்கு இறங்கியது. எலெக்ட்ரான்கள் புரோட்டான்களோடு ஜோடி சேர்ந்து அணுக்களாகக் குடித்தனம் ஆரம்பித்தன. மோதுவதற்கு ஆள் இல்லாமல் போகவே, ஒளி கையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டது. அன்றைக்குக் கிளம்பியது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அதைத்தான் அண்ட நுண்ணலைப் பின்னணி என்கிறார்கள். இப்போது அதன் வெப்பநிலை கெல்வின் கணக்கில் வெறும் 2.725 டிகிரி.

1964-இல் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வுக்கூடத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் இந்த ஒளியைத்தான் பிடித்தார்கள். பிடித்தது என்னவென்று தெரியாமல் பழியைப் புறாக்கள் மேல் போட்டார்கள். ஆன்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த ஜோடியைப் பெட்டியில் போட்டு வேறோர் ஊருக்கு அனுப்பினார்கள். புறாக்கள் வழி தெரிந்தவை, திரும்பி வந்துவிட்டன. கடைசியில் துப்பாக்கி வரைக்கும் போனது. எச்சத்தைச் சுரண்டித் துடைத்த பிறகும் இரைச்சல் போகவில்லை. அறுபது கிலோமீட்டருக்குள்ளே பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு இதே ஒளியைத் தேடிக் கருவி செய்துகொண்டிருந்தது. தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை, எச்சம் துடைத்தவர்களுக்கு 1978-இல் நோபல் கிடைத்தது. புறாக்களுக்கு இன்றுவரை இழப்பீடு இல்லை.

நோபல் எல்லாம் சரி, புதிய தலைவலி ஒன்று வந்து சேர்ந்தது. அந்த ஒளி எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே சீராக இருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மேடுபள்ளம் இல்லையென்றால் கேலக்ஸிகள் எங்கிருந்து வந்தன? இங்கே ஈர்ப்பு விசையின் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். 1902-இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் போட்ட கணக்கில், விரியாத வெளியில் ஒரு மேடு வளர்வது கூட்டு வட்டி. சேர்ந்தது மேலும் சேர்க்கும்; கொஞ்ச நாளில் கோடீஸ்வரன். ஆனால் நம் பிரபஞ்சம் விரிகிறது. 1946-இல் சோவியத் நாட்டின் லிஃப்ஷிட்ஸ் விரியும் வெளிக்குக் கணக்குப் போட்டபோது கூட்டு வட்டி காணாமல் போய், தனி வட்டியைப் போன்ற மந்தமான வளர்ச்சிதான் மிஞ்சியது. பொருளின் ஆட்சியில், வெளி எத்தனை மடங்கு விரிகிறதோ மேடும் அத்தனை மடங்குதான் வளரும். ஒளி விடைபெற்ற நாளிலிருந்து இன்றுவரை வெளி விரிந்தது 1,100 மடங்கு. ஆரம்ப மேடு லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, அதை 1,100-ஆல் பெருக்குங்கள். நூற்றுக்கு ஒன்றுதான் வருகிறது. இந்த வட்டியில் ஒரு கேலக்ஸியும் கட்ட முடியாது. கணக்குப்படி இந்தக் கட்டுரையை எழுத நானும் இல்லை, படிக்க நீங்களும் இல்லை.

நம்மைக் காப்பாற்றியவர் ஓரமாக உட்கார்ந்திருந்த கரும்பொருள்தான். ஒளி சாதாரணப் பொருளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோதே அவர் தனியாகச் சேமிக்கத் தொடங்கிவிட்டார் அல்லவா? தடை நீங்கியதும் அணுக்கள் தாமாக ஒன்றும் கட்டவில்லை. ஏற்கெனவே தோண்டியிருந்த பள்ளங்களில் தொபுக்கென்று விழுந்தன. அவ்வளவுதான்.

இப்படி ஒருவர் இருக்கிறார் என்று 1933-இலேயே கத்தியவர் ஃபிரிட்ஸ் சுவிக்கி. கோமா கேலக்ஸிக் கூட்டத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத எடை இல்லாமல் இது சாத்தியமில்லை என்றார். கேட்பார் இல்லை. சக விஞ்ஞானிகளை அவர் ‘கோள வடிவ அயோக்கியர்கள்’ என்று திட்டுவாராம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அயோக்கியர்கள் என்று அர்த்தம். இப்படிப் பேசுகிறவருக்கு எந்த ஊரில் கூட்டம் சேரும்? 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் விளிம்பும் உள்பகுதியின் வேகத்திலேயே சுற்றுவதைக் காட்டிய பிறகு, மெல்ல மெல்ல எல்லாரும் நம்பத் தொடங்கினார்கள். இந்த ரூபின் 1965-இல் பாலோமர் ஆய்வகத்துக்குப் போனபோது அங்கே பெண்களுக்குக் கழிவறையே கிடையாது. காகிதத்தில் ஒரு பாவாடை வெட்டி, கதவில் இருந்த ஆண் படத்தின் மேல் ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். பிரபஞ்சம் செய்த ஓரவஞ்சனை லட்சத்தில் ஒரு பங்கு. அதை ஆராய்ந்தவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு.

மேடுபள்ளத்தைத் தேடும் வேட்டை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1970-களில் அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தில்கூடக் கருவியை ஏற்றிப் பார்த்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் கிடைத்தது. விசாரித்தால், நாம் வினாடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பக்கமாக ஓடுவதால் வந்த தோற்றம் அது. கடைசியாக, விண்ணோடத்தில் போக வேண்டிய ‘கோபி’ செயற்கைக்கோள், 1986 சாலஞ்சர் விபத்துக்குப் பிறகு உடம்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு 1989 நவம்பரில் ராக்கெட்டில் ஏறிப் போனது. 1992 ஏப்ரல் 23-இல் ஜார்ஜ் ஸ்மூட் அறிவித்தார்: கிடைத்துவிட்டது, லட்சத்தில் ஒரு பங்கு. பக்திமான்களுக்கு இது கடவுளைப் பார்ப்பது போல என்றும் சேர்த்துக்கொண்டார். பத்திரிகைகள் அன்றைக்கு வெளியிட்ட அந்தப் படத்தில் பாதிப் புள்ளிகளுக்குக் கருவியின் இரைச்சல்தான் காரணம். புள்ளியியலில்தான் உண்மை இருந்தது. ஆக, எந்தப் புள்ளி கடவுள், எந்தப் புள்ளி இரைச்சல் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. 2006-இல் ஸ்மூட்டுக்கும் ஜான் மேத்தருக்கும் நோபல் வந்தது. பின்னால் போன டபிள்யூமேப், பிளாங்க் செயற்கைக்கோள்கள் படத்தைத் தெளிவாக்கின. சின்ன மேடுகள் பெரியவற்றைவிட ஒரு நூலிழை தணிவு என்று மாஸ்கோக்காரர்கள் 1981-இல் சொன்னதும் சரியாகிவிட்டது.

நடுவில் ஒரு கோஷ்டிச் சண்டையும் நடந்தது. கரும்பொருள் யார் என்ற கேள்விக்கு மாஸ்கோவில் செல்தோவிச்சின் கூட்டம் ‘நியூட்ரினோ’ என்றது. நியூட்ரினோ வேகமாக ஓடும் சூடான ஆசாமி. ஓடுகிற ஓட்டத்தில் சின்ன மேடுகளை அழித்துவிடும். ஆகவே முதலில் பிரம்மாண்டமான தட்டைகள் உருவாகி, பிறகு உடைந்து கேலக்ஸிகளாயின என்பது அவர்கள் வாதம். மேற்கில் பீபிள்ஸ் கூட்டம், மெதுவாக நகரும் குளிர்ந்த துகள் என்றது. முதலில் சின்னவை, அவை சேர்ந்து பெரியவை. 1983-இல் ஒயிட், ஃபிரெங்க், டேவிஸ் மூவரும் நியூட்ரினோ உலகத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். வந்த உலகம் நிஜ வானத்தோடு ஒட்டவே இல்லை. பனிப்போரில் குளிர் கட்சி ஜெயித்தது.

கணினி இல்லாத காலத்திலும் இந்த ஆசை இருந்தது. 1941-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக் ஹோம்பெரி, மேசைமேல் 74 மின்விளக்குகளை வைத்து இரண்டு கேலக்ஸிகளைச் செய்தார். ஈர்ப்பு விசை எப்படி தூரத்தோடு குறைகிறதோ ஒளியும் அப்படியே குறைகிறது என்பதால், ஒளியை அளந்து விசையைக் கண்டுபிடித்து, விளக்குகளைக் கையால் நகர்த்தினார். 2005-இல் ஜெர்மனியில் நடந்த ‘மில்லெனியம்’ கணிப்பில் விளக்குகளுக்குப் பதில் சுமார் 1,000 கோடித் துகள்கள். கரண்ட் பில் கூடியது, தத்துவம் அதேதான்.

இதற்குள் பிரபஞ்சத்தை மறந்துவிட்டோம். ஒளி போன பிறகு ஒரு நட்சத்திரமும் இல்லாமல் பத்து இருபது கோடி ஆண்டுகள் கும்மிருட்டு. அந்த மின்வெட்டில்தான் பள்ளங்கள் நிரம்பின. வாயு நெருங்கி, சூடேறி, முதல் நட்சத்திரங்கள் எரிந்தன. சின்னக் கேலக்ஸிகளைப் பெரியவை விழுங்கின. 2021 கிறிஸ்துமஸ் அன்று கிளம்பிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பிரபஞ்சத்துக்கு 29 கோடி வயதிருந்தபோதே ஒரு கேலக்ஸி பளிச்சென்று எரிந்ததைக் காட்டியது. இத்தனை சீக்கிரம் இத்தனை வெளிச்சமா என்று நிபுணர்கள் தலையைச் சொறிந்தார்கள். பெருவெடிப்பே பொய் என்று சிலர் இணையத்தில் கருமாதிப் பத்திரிகை அடித்தார்கள். பொணம்தான் இன்னும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறது.

நிரம்பிய பள்ளங்களுக்கு நடுவே இழைகள் ஓடின. இழைகளுக்கு நடுவே வெறுமை. 1986-இல் டி லாப்பரான், மார்கரெட் கெல்லர், ஜான் ஹுக்ரா மூவரும் ஆயிரத்துச் சொச்சம் கேலக்ஸிகளை வரைபடத்தில் குறித்தபோது, கைகாலை விரித்து நிற்கும் ஒரு குச்சி மனிதன் தெரிந்தான். கதிர்வீச்சு ஆட்சியின் கூச்சலும் வீணாகவில்லை. ஒளி கிளம்பிய நாளில் ஒலி அலை ஓடி முடித்திருந்த தூரம் சுமார் நாலரை லட்சம் ஒளியாண்டு. வெளியோடு சேர்ந்து நீண்டு இன்றைக்கு அது 49 கோடி ஒளியாண்டு. 2005-இல் சுமார் 47,000 கேலக்ஸிகளைக் கணக்கெடுத்தபோது, அந்த இடைவெளியில் கேலக்ஸி ஜோடிகள் கொஞ்சம் கூடுதலாக இருப்பது தெரிந்தது.

இப்போது நடப்பது மூன்றாவது ஆட்சி. கரும் ஆற்றல் என்ற புதியவர் சில நூறு கோடி ஆண்டுகளாகக் கோலோச்சுகிறார். இருப்பதை 1998-இல்தான் கண்டுபிடித்தோம். இன்றைய கணக்கில் 68 சதவீதம் அவர், 27 கரும்பொருள், நாமும் நட்சத்திரங்களும் சேர்ந்து வெறும் 5. வெளியை வேகவேகமாக விரிப்பதால் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு வழி அடைபட்டுவருகிறது. ஏற்கெனவே சேர்த்தவன் பிழைத்தான். தாமதமாக வந்தவனுக்குக் கூட்டணியில் இடமில்லை.

வரலாற்றின் தீர்ப்பு இதுதான். லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் ஆரம்பித்த பிரபஞ்சத்தில், இன்றைக்குப் பூமியின் அடர்த்தி சராசரியைப் போல 1-க்குப் பின்னால் 30 சைபர் மடங்கு. அந்த ஆரம்ப எண் மிகச் சிறியதாக இருந்திருந்தால் வாயு திரளாமலேயே போயிருக்கும். மிகப் பெரியதாக இருந்திருந்தால் எல்லாம் கருந்துளைக்குள் போயிருக்கும் என்று மார்ட்டின் ரீஸ் 1999-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். பால்வீதிக்குத் தனித் திறமை ஒன்றும் கிடையாது. அது பிறந்த இடத்தில் பள்ளம் முன்பே தோண்டியிருந்தது. ஆகவே வாசகர்களே, அடுத்த தடவை யாராவது மேடையேறி, ‘நான் சொந்த உழைப்பில் மேலே வந்தவன்’ என்று மார்தட்டினால் கைதட்டுங்கள். தட்டி முடித்ததும், ‘ஐயா, உங்கள் பள்ளத்தை யார் தோண்டி வைத்தது?’ என்று மரியாதையாகக் கேளுங்கள்.